டின்னா, உதிரியா? பைப் புகையிலை வாங்கக் கிண்டிக்குப் போன கதை

உலகச் சண்டை முடிந்த மறு வருடம், ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, நானும் என் நண்பர் வெங்கட்ராமனும் பைப் புகையிலை வாங்கக் கிண்டிக்குப் போய் வந்தோம். புகையிலைக்காக ஒரு நாள் முழுக்கவா என்று கேட்பவர்கள் பைப் பிடிக்காதவர்கள். மற்றவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. எனக்குச் சாந்தோமில் வீடு. நான் புகைக்க ஆரம்பித்தால் என் மனைவி ஜன்னலைத் திறந்து வைப்பாள், அவ்வளவுதான். வெங்கட்ராமன் மயிலாப்பூர்க்காரர். கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும், அவர் பைப் பிடிப்பது வீட்டில் தெரியாது. சாயங்காலம் கடற்கரை மணலில் என்னோடு உட்கார்ந்து புகைத்துவிட்டு, ஏலக்காயை மென்றுகொண்டே வீட்டுக்குப் போவார். அவர் வாங்குவது டின்னில் அடைத்து வரும் சீமைப் புகையிலை. மூடி இறுக்கம், வீட்டில் ஒளித்து வைத்தாலும் வாசனை வெளியே வராது. விலை ஏறிக்கொண்டே போயும் அவர் டின்னை விடாததற்குக் காரணம் அதுதான்.

காலை எட்டு மணிக்கு லஸ்ஸில் பஸ் ஏறினோம். பனகல் பார்க் வரை தலைக்கு இரண்டணா, இருபது நிமிஷம். அங்கே ஒரு கடையில் விசாரித்தோம். நாலு அவுன்ஸ் டின் இரண்டு ரூபாய் எட்டணா. போன மாதத்தைவிட நாலணா அதிகம்.

“இருக்கிறதே மூணு டின்தான் சார். அடுத்த சரக்கு எப்போ கப்பல்ல வரும்னு எனக்கே தெரியாது” என்றார் கடைக்காரர். வெங்கட்ராமன் ஒரு டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மாம்பலம் ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. அங்கிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் ஒன்றரை அணா. இறங்கி, ஈக்காட்டுத்தாங்கல் போகிற வழியில் சுமார் ஒரு மைல் நடந்தால் ஓட்டுக் கொட்டகை ஒன்று வரும். கண்ணையா என்பவர் அங்கே குண்டூர் இலையை வரவழைத்து, நரம்பு நீக்கி, வெல்லப்பாகு தெளித்து, அழுத்தி நறுக்கி, உதிரியாக நிறுத்து விற்கிறார். பவுண்டு மூன்று ரூபாய். அதே எடை டின்னில் வாங்கினால் பத்து ரூபாய்.

வெங்கட்ராமன் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். “டின் சரக்கு மாதிரி இருக்குமா?”

“இன்னா நைனா இப்டிக் கேட்டுட்ட? டின்னுக்குள்ள கீறதும் இதே குண்டூர் இலைதான். கப்பல் ஏறிப் போய், பேரை மாத்திக்கினு திரும்பி வருது. குந்து, ஒரு பைப் புடிச்சுப் பாரு. புடிக்கலன்னா போய்க்கினே இரு.”

முதல் இழுப்பில் நாக்கு சுட்டது. புதிதாக நறுக்கியதில் ஈரம் அதிகம், அரை மணி பரப்பி வைத்துப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, கண்ணையா ஏற்கெனவே உலர்த்தி வைத்திருந்த வேறொரு பிடி கொடுத்தார். அதை இழுத்ததும் வெங்கட்ராமனின் முகம் தெளிந்தது. “ஓய் ஜோசப், நன்னாவே இருக்கு! ரெண்டு பவுண்டு வாங்கிடுவோம். உம்மாத்துலயே இருக்கட்டும்.”

நறுக்கிக் கட்டித் தர மூன்று மணியாகிவிட்டது. பொட்டலத்தின் வாடை தூக்கலாக இருந்தது. ரயிலில் தெரிந்தவர்கள் யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று வெங்கட்ராமன் பயந்ததால், ஒன்றேகால் ரூபாய் பேசி ஜட்கா பிடித்தோம். “மூட்டைல இன்னா சார்? குதிரையே தும்முது” என்றார் வண்டிக்காரர்.

அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜட்காவின் கூரை ஒழுகியது. பொட்டலம் சுற்றியிருந்த செய்தித்தாள் என் கையிலேயே கரைய ஆரம்பித்தது. நனைந்தால் பூசணம் பிடித்து அத்தனையும் வீண். நான் சுதாரிப்பதற்குள் வெங்கட்ராமன் பொட்டலத்தைப் பிடுங்கி, கோட்டுக்குள் மார்போடு அணைத்துப் பொத்தான் போட்டு, குனிந்து உட்கார்ந்துகொண்டார். மந்தைவெளி வரை நிமிரவே இல்லை.

மழை விட்டதும் கோட்டைத் திறந்தார். புகையிலை தப்பியிருந்தது. ஆனால் வெள்ளைச் சட்டையில் மார்பு பூராவும் பழுப்புக் கறை. வாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

“என் வீட்டுக்கு வாங்க, சட்டை மாத்திக்கலாம்” என்றேன்.

“வேண்டாம், ஜோசப். ஒம்போது வருஷமா ஏலக்காய் மென்னாச்சு. இன்னிக்குச் சொல்லிடறேன். நீரும் கூட வாரும்.”

அவர் மனைவி கல்யாணி அம்மாள் கதவைத் திறந்தபோது மணி ஐந்தரை. வாசலிலேயே வெங்கட்ராமன், “கல்யாணி, நான் பைப் பிடிக்கறேன். ரொம்ப நாளா” என்றார்.

“தெரியுமே” என்றார் அந்த அம்மாள்.

எங்களை உள்ளே அழைத்துச் சமையலறை அலமாரியைக் காட்டினார். வரிசையாகப் புகையிலை டின்கள். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, கடுகு, வெந்தயம், மிளகு, பெருங்காயம் என்று எழுதியிருந்தது. “பரண்ல பேப்பர்க்கட்டுக்குப் பின்னாடி நீங்க போடற காலி டப்பாதான். என்ன இறுக்கமான மூடி! பெருங்காயம் வாசனை போகவே இல்லை.”

“ஏன் கேக்கலை?”

“நீங்களே சொல்வேள்னு இருந்தேன். இத்தனை வருஷம் ஆகும்னு நெனைக்கலை.” அந்தக் குரலில் சிறிது வருத்தம் இருந்தது. வெங்கட்ராமன் தலை குனிந்தார். அப்போதுதான் அந்த அம்மாள் பொட்டலத்தைக் கவனித்தார். “இனிமே பொட்டலமா? அப்போ டப்பா வராதா? ஜீரகத்துக்கு ஒண்ணு வேண்டியிருந்ததே.”

வெங்கட்ராமன் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஈரம் உலர, கல்யாணி அம்மாளே ஒரு தாம்பாளத்தில் புகையிலையைப் பரப்பினார். காபி குடித்துவிட்டு, கிணற்றடியில் உட்கார்ந்து வெங்கட்ராமன் பைப்பைப் பற்றவைத்தார். தன் வீட்டில் அவர் புகைத்தது அதுதான் முதல் தடவை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாதம் அரை பவுண்டுக்கு மேல் பிடிப்பவர்களுக்கு உதிரிதான் லாபம். எப்போதாவது பிடிப்பவர்களுக்கு டின் போதும்; மூடியைத் திறக்காதவரை கெடாது. கிண்டிக்குப் போகும்போது மூடி போட்ட பாத்திரம் கொண்டுபோங்கள், காகிதத்தை நம்பாதீர்கள். திரும்புவதற்கு ரயிலே போதும். ஜட்காவுக்கு நாங்கள் கொடுத்தது வெறும் பயத்துக்கான கூலி.

வெங்கட்ராமன் இப்போது உதிரிக்கு மாறிவிட்டார். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு டின்னும் வாங்குகிறார். டின்னில் இருக்கும் புகையிலை சுமார்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். போன வாரம் துவரம்பருப்புக்குப் பெரிய டின்னாக வருமா என்று கல்யாணி அம்மாள் என்னிடம் விசாரித்தார்.