சவர்க்கார வாடை

இன்று காலை மருமகள் சிவப்புச் சவர்க்காரம் போட்டுத் தரை கழுவினாள். எனக்கு 1931, ஐப்பசி மழை, நாவலப்பிட்டியில் நான்காம் வகுப்பு நினைவுக்கு வந்தது.

ராசுவின் கூட்டத்தில் சேர, பள்ளிக்குப் பின்னால் ஈரப் புல்லில் அவனோடு நிற்க வேண்டும். அட்டை கடித்தாலும் அசையக் கூடாது. நான் இருமுறை அழுது ஓடினேன்.

"இவன் இன்னும் தொட்டில் புள்ளடா," என்றான் ராசு. வகுப்பே என்னோடு பேசுவதை நிறுத்தியது.

அவன் காலில் மட்டும் அட்டை ஏறியதேயில்லை. மூன்றாம் முறை நின்றபோது அவன் காலிலிருந்து இந்த வாடை வந்தது. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவன் கால்களில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். நுரை வந்தது; சவர்க்காரம் பூசிய காலில் அட்டை ஏறாது.

"இப்ப நில்லு, ராசு. நானும் நிக்கிறேன்."

நான்கு அட்டைகள் ஏறின. "யாராவது எடுத்து விடுங்கடா," என்று அழுதான். ஒருவரும் நெருங்கவில்லை. என் காலில் ஆறு கடித்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

தரை காய்ந்து வாடை போனதும் மருமகளிடம், "இன்னொருக்கா கழுவும்மா," என்றேன்.