குளத்தடிக் கிடை

விடிந்ததும் கிடை வலையைத் திறந்த கோமு அப்படியே நின்றுவிட்டாள். முட்டி மோதிக்கொண்டு முதலில் வெளியே வரும் செவலை ஆடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வாயெல்லாம் நுரை. துருத்திய நாக்கு நாவல்பழம் தின்றதுபோல நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் ஒரு சினையாடு செத்து விறைத்துக் கிடந்தது.

புருசன் போன பிறகு இந்த மந்தைதான் அவள் பிழைப்பு. வயல்காரர்கள் சொல்லும் இடத்தில் ராத்திரி ஆடுகளை அடைப்பாள். புழுக்கை நிலத்துக்கு உரம். ஒருநாள் அடைத்த இடத்தில் மறுநாள் அடைக்காமல் தள்ளித் தள்ளி வலை கட்டுவது கிடைக்காரர் வழக்கம். ஆனால் தூர்ந்து கிடந்த கீழக்குளத்தை ஊரார் வெட்டிச் சீராக்கிய அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம், ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. கரையடியில் நமச்சிவாயம் பிள்ளையின் வயலில் கசிவு ஈரம், பச்சைப் புல். வலையை மாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. பிள்ளை கேட்கும்போதெல்லாம், “நாளைக்கு மாத்துதேன் அண்ணாச்சி” என்பாள். பொழுது சாய்ந்தால் எள்ளைவிடச் சின்னப் பூச்சிகள் கணுக்காலில் சுருக்கென்று கடிக்கும். முந்தானையால் தட்டிவிட்டுக்கொள்வாள்.

இப்போது பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்று கத்தினாள்.

“புல்லுல என்ன மருந்துவே அடிச்சீரு? உம்ம வயலு கரிஞ்சு போவ!”

பிள்ளை வேப்பங்குச்சியைத் துப்பினார். “ஏளா, நடாத வயலுக்கு எவனாவது மருந்து அடிப்பானா?”

ஆனாலும் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டாஸ்பத்திரி டாக்டர் விஜயஸ்ரீயைக் கூட்டிவந்தார். ஆட்டின் வாயைப் பார்த்த டாக்டர், கிடைச் சேற்றை ஒரு கை அள்ளித் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். நூல் துணுக்குபோல ஏதோ நெளிந்தது.

“விஷம் இல்ல, நீலநாக்கு நோய். இந்தப் புழுதான் கடிக்கிற பூச்சியாவுது. நோயுள்ள ஆட்டைக் கடிச்சிட்டு நல்ல ஆட்டைக் கடிக்கும்.”

“குளம் வந்ததுலதானம்மா இந்தப் பீடை?”

“குளத்துத் தண்ணியில இது இல்ல கோமு. புழுக்கையும் ஈரமும் குழைஞ்ச சேத்துல இருக்கு.”

கோமு தட்டையே பார்த்தாள். அவள் ஆடுகள் போட்ட புழுக்கை. அவள் நகர்த்தாத கிடை.

“இதுக்கு மருந்து கிடையாது. மிச்ச ஆட்டைப் பொழுது சாயுமுன்ன மேட்டுக்கு ஓட்டிரு. காத்தடிச்சா இது பறக்காது. வேப்பந்தழை மூட்டம் போடு.”

காய்ந்த மேடு அந்தப் பக்கத்தில் ஒன்றுதான்: பிள்ளையின் களம். கோமு தரையைப் பார்த்து நின்றாள்.

“என்னத்த முழிக்க?” என்றார் பிள்ளை. “களத்துக்கு ஓட்டு. காலையில வயலுக்கு ஒரு வார்த்தை சொன்னியே, அதை மட்டும் இங்கனயே விட்டுட்டுப் போ.”

அவளால் சிரிக்க முடியவில்லை. செவலையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

களத்தில் நல்ல காற்று. வெயில் இருக்கும்போதே வலையைக் கட்டி மூட்டம் போட்டாள். செவலைக்குப் புகட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. மற்ற ஆடுகளின் வாயை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தாள். எல்லா நாக்கும் சிவப்பு.

செவலையின் நாக்கும் நேற்றுச் சாயங்காலம் சிவப்பாகத்தான் இருந்தது.