இருமலுக்கு முன்னால் எழும் கை

தேநீர் வந்ததும் அவர் குடித்துவிடுவதில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, நடுக்கம் ஓரளவு அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு முகவாயை நெஞ்சோடு சேர இறக்கி, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி விழுங்குவார். விழுங்கிய கையோடு "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துப் பார்ப்பார். குரல் ஈரமாக வந்தால் தேநீர் இன்னும் வழியில் நிற்கிறது என்று கணக்கு. அது சாதாரணத் தேநீரும் இல்லை. தொண்டையில் வேகமாக இறங்கி வழிமாறிவிடாமல் இருக்க ஏதோ ஒரு மாவைக் கலக்கிக் கெட்டியாக்கியது. "இதை வச்சு சுவத்துல நோட்டீஸ் ஒட்டலாம்" என்பார். ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டார்.

முப்பத்தாறு வருஷம் சலூன் கடை நடத்தியவர். நாற்காலியில் வந்து உட்காருகிறவன் யாராக இருந்தாலும், முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் "அசையாதே" தான். பெரிய மனுஷன், சின்ன மனுஷன் என்ற மரியாதை வித்தியாசமெல்லாம் கத்திக்குக் கிடையாது. அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'அசையாதே' என்றாகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார்கள். மறுநாள் காலையில் கத்தியைத் துடைத்து மச்சினன் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரப் பெஞ்சுக்குப் போய்விட்டார். யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஊரையே அசையாதேன்னு அதட்டினேன். இப்ப என் கையே எம்பேச்சக் கேக்கல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கை போனது எல்லோருக்கும் தெரிந்தது. தொண்டை போனது ஒருவருக்கும் தெரியவில்லை. நமக்கெல்லாம் ஒரு பருக்கை வழிமாறிப் போனால் வீடே அதிர இருமுவோம். அவருக்குத் தப்பான குழாயில் இறங்கினாலும் சத்தம் வராது. சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரே வருஷத்தில் இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாவது முறை வந்தால் வயிற்றில் குழாய்தான், வாய் வழியாக ஒன்றும் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "டீ?" என்று மட்டும் கேட்டாராம். அதுவும் கிடையாது என்று டாக்டர் தலையை ஆட்டினாராம்.

தானாக வராத இருமலை வரவழைத்து, வழிமாறியதை வெளியே தள்ளப் பழக, அப்படித்தான் இருமல் வகுப்பு ஆரம்பித்தது. சலூனுக்குப் பக்கத்தில்தான் என் பேட்டரிக் கடை, வண்டியும் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் நான்தான் கூட்டிப்போகிறேன். இருமுவதற்கு ஒரு வகுப்பா என்று முதலில் நானும் சிரித்தவன்தான். சின்ன அறை. கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழல், அதன்மேல் அளவுக்கோடுகள், நகருகிற ஒரு முள். குழலுக்குள் ஓங்கி இருமினால் முள் ஏறும். ஏற வேண்டிய இடத்தில் பயிற்சி கொடுக்கிற பெண் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் ஊதுவதற்கு ஸ்பிரிங் வைத்த ஊதல் ஒன்று தனியாக உண்டு. மூக்கில் கிளிப்பை மாட்டி, தினம் இருபத்தைந்து ஊது. "துணி காயப்போட்ட மாதிரி மூக்க மாட்டிவிட்டுட்டாங்க" என்று அதற்கும் ஒரு கிண்டல்.

மூன்று வாரமாகியும் முள் பாதியைத் தாண்டவில்லை. கதவை உதைத்துத் திறக்கிற மாதிரி ஒரே இருமல் வேண்டும் என்கிறாள் அந்தப் பெண். இவரோ நூலகத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருமுகிறார். கூட வந்திருந்த அவர் சம்சாரம்தான் கவனித்தார்.

"ஏங்க, இருமுறதுக்கு முன்னாடி அந்தக் கை எதுக்கு மேல போகுது?"

அவர் திரும்பித் தன் வலது கையைப் பார்த்தார். அது தோள் உயரத்தில், விரல்கள் சேர்ந்து, எதையோ பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஆடிக்கொண்டும் இருந்தது. அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"கத்திக்குக் கீழ ஒருத்தன் கழுத்து இருக்கும்போது இருமல் வந்தா, மொதல்ல கத்திய எடுக்கணும். அப்புறம் இருமல முழுங்கிடணும். முப்பத்தாறு வருஷமா முழுங்கியிருக்கேன் டீச்சர். நீங்க இப்ப வந்து வெளிய எடுங்கறீங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து இருமச் சொன்னாள். முள் நான்கு கோடு ஏறியது. ஆனால் போகிற இடமெல்லாம் கைமேல் உட்கார முடியுமா, என்ன?

போன வாரம் கடையில் என் கழுத்தில் நுரை. மச்சினன் தாடைக்குக் கீழே கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் எனக்குப் பின்னால் பெஞ்சில், தேநீரோடு. மூன்றாவது வாய் விழுங்கி, டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு "ம்" என்றார். சத்தம் சொதசொதவென்று வந்தது. எனக்கே கேட்டது.

"மாமா, இருமுங்க" என்றான் மச்சினன், கத்தியை என் தோலைவிட்டு எடுக்காமலே.

முன்னால் இருந்த கண்ணாடியில் நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அவர் முழங்காலிலிருந்து வலது கை எழுந்து பாதி தூரம் வந்து நின்றது.

"மாப்ளே, கத்திய எடு."

கத்தி என் கழுத்தைவிட்டுப் போனது. அவர் கை கீழே இறங்கிப் பெஞ்சு விளிம்பைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் இருமினார். அந்தச் சத்தத்தில் மாடித் தையல் கடையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினே நின்றுவிட்டது. இன்னொரு முறை இருமிவிட்டு "ம்" என்றார். காய்ந்த, சுத்தமான "ம்".

நான் தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தார். சின்னச் சின்ன அடியாக நடந்து வந்து, ஆடுகிற ஒற்றை விரலால் என் தாடையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, "அசையாதே" என்றார். பிறகு பெஞ்சுக்குத் திரும்பிப் போய், டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து, முகவாயை நெஞ்சுக்கு இறக்கினார்.