நோட்டில் இருந்தது

ஷ்ருதியைத் தைரியசாலி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். செம்பூரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வெங்கடேஸ்வரனின் ஒரே பெண் அவள். சாயங்காலம் அப்பாவின் சாவி பூட்டில் ஒரே தடவையில் நுழைகிறதா, தடுமாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருபத்திரண்டு வயசாகிவிட்டது. தடுமாறினால் அன்றைக்குக் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். உடனே பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எதையாவது எழுதுவாள். எழுதினால் பயம் கொஞ்சம் அடங்கும். ஏழாம் வகுப்பிலிருந்தே இந்தப் பழக்கம். விஷயம் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. மாதுங்கா கோயிலில் அப்பா பெரிய மனுஷர் ஆயிற்றே!

இப்படிப்பட்டவளை, சமூகப்பணி படிக்கிறாள் என்று காலேஜ் எங்கே அனுப்பியது தெரியுமா? தாராவிக்கு. குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறு காலையில் கூடும் ஹாலுக்கு. ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்தை நடத்தும் ஜம்பு வாசலிலேயே நிறுத்தினார். பத்து வருஷமாகக் குடியைத் தொடாதவர்.

"போன் ஆஃப் பண்ணிரு பேட்டா. இங்க யாரு என்ன சொன்னாலும் எழுதக்கூடாது. கேட்டதெல்லாம் இந்த ரூமோட சரி."

மகளே என்பதுபோல் இந்தியில் 'பேட்டா' என்றவருக்குத் தலையாட்டினாள்.

மூன்றாவதாக எழுந்தவர் வானமாமலை. ஸ்கூல் பஸ் டிரைவர், ஆஜானுபாகுவான ஆள். குடிக்காமல் அன்று பதினோராம் நாள். டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், வேகத்தில் நாற்காலி முதுகில் ஓங்கி அறைந்தார். ஷ்ருதிக்கு அது வீட்டில் அப்பா நாற்காலியை அறைகிற அதே சத்தம். கை தானாகப் பையிலிருந்து நோட்டை எடுத்தது. இவர்கள் சொல்வதைத்தானே எழுதக்கூடாது, இது என் வீட்டு விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டாள். பயந்தவள் புத்தி வேறு எப்படி வேலை செய்யும்!

"ஏ, அந்தப் புள்ள எழுதுதா!"

கத்திய வானமாமலை இரண்டே எட்டில் வந்து நோட்டைப் பிடுங்கினார். புரட்டினார். எல்லாம் அவருக்குத் தெரியாத இங்கிலீஷ்.

"இங்கிலீஷ்லல்லா எழுதியிருக்கா! எங்க பஸ் மொதலாளி சேட்டுக்குத் தெரிஞ்சா வண்டிச் சாவியப் புடுங்கிருவான். என் பொழப்பே போயிரும். இனி நான் இந்தப் பக்கம் வந்தா ஏன்னு கேளு ஜம்பு அண்ணாச்சி."

நோட்டை அவள் மடியில் எறிந்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"ஐயோ பேட்டா," என்றார் ஜம்பு தணிந்த குரலில், "இப்பிடிக் கோவத்துல வெளிய போனா நேரா பாருக்குத்தான் போவான்."

என்னால் ஒருவர் மறுபடி குடிக்கப் போகிறார். ஷ்ருதி வாசலைப் பார்த்தாள். நோட்டில் இருப்பதைச் சொன்னால் வீட்டு மானம் போய்விடும். சொல்லாவிட்டால் இவர் போய்விடுவார். எது பெரிய பயம் என்று எடைபோட நேரமில்லை.

"மாமா, நில்லுங்கோ! உங்களப் பத்தி ஒண்ணும் எழுதல. படிக்கறேன், கேளுங்கோ!"

வானமாமலை செருப்பில் ஒரு கால் நுழைத்தபடி நின்றார். அவள் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"நேத்து அப்பா சாவி நாலு தடவை பூட்டுல மாட்டல. அம்மா குக்கரை அணைச்சுட்டா. நான் பாத்ரூம்ல இருந்தேன். ஹால்ல நாற்காலிய அறைஞ்ச சத்தம் கேட்டுது. அப்பா என்னை அடிக்க மாட்டார். ஒரு நாளும் அடிச்சதில்ல. ஆனா இன்னிக்கு அடிப்பாரோன்னு தெனம் ரெடியா இருக்கேன்."

அதற்குமேல் எழுதியிருக்கவில்லை. நோட்டை மூடினாள். சொல்லிவிட்டோமே, அப்பாவுக்குத் தெரிந்தால் என்ற நினைப்பில் அதைப் பையின் அடியில் திணித்தாள்.

வானமாமலை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எம் மவ பன்னண்டாப்பு படிக்கா," என்றார். "நான் வீட்டுக்குள்ள வந்ததும் நோட்டும் கையுமா அடுப்படிக்குப் போயிருவா. அவ மேல நானும் ஒருநா கை வச்சதில்ல. படிப்புல அம்புட்டுக் கவனம்னு ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்."

பெரிய கைகள் இரண்டையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டார்.

"யம்மா, அவ நோட்ட நெனச்சா எனக்குப் பயமா இருக்கு."