மடித்து ஒட்டிய பிளாஸ்திரி

இதைச் சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிக்கிறார். சிரிக்கட்டும். அங்கே இருந்தது என் மூக்கு, அவர் மூக்கு இல்லை.

நான் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். அப்படிப் போன வீடுகளில் ஒன்றில் ஒரு பஸ் டிரைவர்; அவருக்கு முகத்தில் தோல் புற்றுநோய். ஜன்னல் பக்கத்துக் கன்னம், வருஷக்கணக்காக வெயில் பட்ட கன்னம். பரு என்று நினைத்துப் பிளாஸ்திரி ஒட்டியே காலத்தை ஓட்டிவிட்டார் மனிதர். டாக்டரிடம் வந்தபோது எலும்பு வரை போயிருந்தது. வெட்டினால் கண்ணும் போகும். மயக்க மருந்தை இதயம் தாங்காது. கதிர்வீச்சு கொடுத்து, கரண்ட் வைத்தும் அடங்கவில்லை.

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். சீழ் ஊறிய துணியை உரிக்கும்போது தெரு வரை வீசும். மூக்கடியில் தைலம் தடவிக்கொண்டுதான் உள்ளே போவேன். அவர் மனைவி அறை வாசலோடு நின்றுவிடுவார். கட்டு இல்லாமல் அந்த முகத்தை அந்த அம்மா பார்த்ததே இல்லை. டிரைவருக்கு அது ஒன்றுதான் குறை. ஓட்டை விழுந்த கன்னத்தோடு கொழகொழவென்று சொல்வார், ஒரே ஒரு தடவை அவ பார்த்தா போதும் சிஸ்டர் என்று.

அன்று மாலை நாலு பத்து. கதவு திறந்தே கிடந்தது. அந்த அம்மாவைக் காணோம். அவர் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கட்டைப் பிரித்தேன்.

நாற்றமே இல்லை. இத்தனைக்கும் அன்று தைலம் தடவ மறந்திருந்தேன்.

புண் காய்ந்து கிடந்தது. ஆனால் பிரித்த துணி ஈரமாய்க் கனத்தது...

சொட்... சொட்...

தரையைப் பார்த்தேன். துளி ஈரமில்லை.

புதுக் கட்டுப் போட்டேன். 

"பிளாஸ்திரி முனையை மடிச்சு ஒட்டுங்க சிஸ்டர். அவளுக்கு உரிக்க வரணும்."

கொழகொழப்பே இல்லை. தெளிவான குரல்.

நான் முனையை மடிப்பதில்லை. மடித்தால் கட்டு தானாகப் பிரிந்துவிடும். அன்று மடித்தேன்.

அழுக்குத் துணிப் பையை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாக வெளியே வந்தேன். தெருவில் போன் அடித்தது. அவர் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து.

"இனிமே வர வேண்டாம் சிஸ்டர். காலையில மூச்சுத் திணறல்னு இங்க கொண்டு வந்தோம். மதியமே போயிட்டாரு."

திரும்பி அந்த வீட்டைப் பார்த்தேன்.

"இப்பத்தான் பிணவறையில காட்டினாங்க. பிளாஸ்திரி முனை மடிஞ்சிருந்துச்சு. இழுத்ததும் வந்துடுச்சு... பார்த்துட்டேன் சிஸ்டர்."

கையில் இருந்த பை இளஞ்சூடாக இருந்தது. அப்போதுதான் அது நாற ஆரம்பித்தது.