மாதாவுக்கு நேர்ந்த குரல்

எங்கள் வீட்டுச் சாமிகளுக்குக் குளிரே தெரியாது. புலம்பெயர்ந்து வந்து பிளேஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சுடுதண்ணீர்த் தொட்டி வைத்திருந்த அலுமாரியின் மேல்தட்டுத்தான் சாமியறை. பிள்ளையார், முருகன், லட்சுமி, அவர்களுக்குப் பக்கத்தில் நீல முக்காடு போட்ட மாதா. நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். ஆனாலும் மாதா அங்கே ஏன் நிற்கிறார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஊரிலேயே எங்கள் ஆட்கள் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவது வழக்கந்தான். கூப்பிட்டவுடன் யார் வருகிறாரோ அவரைக் கும்பிடுவது அம்மாவின் கொள்கை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கையான என் சித்தி அகதியாக வந்து எங்களோடு இருந்தார். அவருடைய விசாக் கேஸ் இழுபட்டுக்கொண்டே போனது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் பார்த்தும் கடிதம் வராததால் அம்மா மாதாவிடம் போனார். கேஸ் வென்றால் சித்தி பன்னிரண்டு மாதம் மாதா கோயில் பூசையில் பாடுவார் என்று நேர்ந்துவிட்டார். சித்தியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்த்தி அம்மாவுடையது, தொண்டை சித்தியுடையது. மூன்றாம் கிழமை கடிதம் வந்துவிட்டது.

சித்திக்கு இதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை. ஊரில் முறையாகச் சங்கீதம் படித்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் சான்ட்விச் பெட்டிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். பாட ஓர் இடம் கிடைத்தால் அது யாருடைய கோயிலாக இருந்தால் என்ன? வெள்ளிக்கிழமைகளில் அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து அவர் தேவாரம் பாடும்போது அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். வேறு எதற்காகவும் அப்பா அப்படிச் செய்ததை நான் கண்டதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் வால்தம்ஸ்டோவில் ஒரு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை நடக்கும். அம்மாவுக்கு ஞாயிறுகளில் முதியோர் இல்லமொன்றின் குசினியில் ஷிப்ட். ஆகவே சித்திக்குத் துணை நான். இரண்டு பஸ் மாறிப் போவோம். அங்கே கீபோர்ட் வாசித்தவர் ஒரு மன்னார்க்காரர். பெற்றோல் ஸ்டேஷன் வேலை முடிந்து அந்தச் சட்டையோடேயே வந்து உட்காருவார். நான் அவரைக் கீபோர்ட் மாமா என்பேன். அவர் வாய் திறந்து பேசி நான் அதிகம் கேட்டதில்லை. என்னைக் கண்டால் ஏதாவது ஒரு கட்டையை அமுக்கி ஒரு சத்தம் காட்டுவார், அதுதான் வணக்கம்.

ஏழாவது பூசை முடிந்த கிழமை யாரோ ஒரு பெண்மணி அம்மாவுக்குப் போன் எடுத்தார். அம்மா போனை வைத்துவிட்டு நேராகச் சித்தியிடம் வந்தார்.

"அந்தக் கீபோர்ட் அடிக்கிற பொடியனை நீ விரும்புறியோ?"

"ஓம் அக்கா. கட்டினால் அவரைத்தான் கட்டுவன்."

"மாதாவைக் கும்பிடலாம். மாதாவின்ரை ஆக்களோடை சம்பந்தம் செய்யேலாது."

அப்பா மட்டும், "பொடியன் ஆரெண்டு பாப்பம்" என்றார். அப்பாவின் அகராதியில் 'பாப்பம்' என்பது முக்கால்வாசிச் சம்மதம். அது சித்திக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அந்த நாட்களில் எங்கள் வகுப்பு ஆசிரியை, இந்த நாட்டில் எவரும் மனத்தில் பட்டதைப் பயமில்லாமல் சொல்லலாம் என்று படிப்பித்துக்கொண்டிருந்தார். அதை நான் இரவுச் சாப்பாட்டின்போது சோதித்துப் பார்த்தேன். மாதா எங்கள் அலுமாரிக்குள் இருக்கலாம் என்றால் கீபோர்ட் மாமா ஏன் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று கேட்டேன். "சாப்பிடு" என்றார் அம்மா. அப்பா குனிந்து புட்டைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவின் நிலைமைதான் மோசம். சித்தியை அங்கே போகவிடவும் முடியாது, போகாமல் மறிக்கவும் முடியாது. இன்னும் ஐந்து பூசை கடன் இருந்தது. நேர்த்தியை அரைகுறையில் விட்டால் மாதா விசாவைத் திருப்பி எடுத்துவிடுவார் என்று நான் உண்மையாகவே பயந்தேன். அம்மாவும் பயந்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சித்தியும் அவரும் என்ன கதைக்கிறார்கள் என்று கவனித்து வந்து ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும்.

நான்கு மாதம் அந்த உத்தியோகம் பார்த்தேன். கோர்ட்டில் நிற்கிற அப்புக்காத்து மாதிரிக் கேள்வி கேட்பார் அம்மா. எங்கே நின்றார்? எவ்வளவு தூரம்? பாட்டுத்தாளை யார் யாரிடம் கொடுத்தது? எந்தக் கையால்? சிரித்தாரா? பல் தெரியச் சிரித்தாரா, தெரியாமலா? நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர்கள் கதைக்கவே இல்லை. சித்தி பாடினார், அவர் வாசித்தார். அவ்வளவுதான். சித்தி பாடும்போது முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள் என்பதையும் சொன்னேன். அது அம்மாவுக்குத் தேவைப்படவில்லை.

பதினோராவது பூசையில், சித்தி ஒரு அடி பாடி நிறுத்தியபின் அவர் வழக்கத்தைவிட நெடுநேரம் தனியே வாசித்தார். சுவாமியார் பீடத்தில் காத்துக்கொண்டு நின்றார். இதை நான் சொன்னதும் அம்மா, "என்ன வாசிச்சவர்?" என்று கேட்டார். எனக்கும் நல்ல காது. முழுவதையும் முணுமுணுத்துக் காட்டினேன். அம்மாவின் கை வெங்காயத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பாதி முணுமுணுத்தபின்தான் எனக்கே விளங்கியது, அது வெள்ளிக்கிழமைகளில் சித்தி எங்கள் அலுமாரிக்கு முன்னால் பாடும் தேவாரத்தின் மெட்டு. நல்ல பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"அடுத்த முறை நான் வாறன். நேர்ந்தது நான், மிச்சத்தை நானே பாடுறன்" என்றார்.

அம்மாவுக்குப் பாட வராது. அது எங்கள் வீட்டில் இரகசியமும் இல்லை. ஆனாலும் ஷிப்டுக்கு லீவு போட்டு, கூறைச்சேலை கட்டி, அதற்குமேல் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். சித்தி வீட்டில் இருந்தார். அவர் அழுததால் வீங்கிய கண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் நான் முதலே போய் வாசலில் நின்றேன்.

கோயிலில் அம்மா முதல் அடியை எடுத்ததும் எனக்குக் கதிரைக்குக் கீழே ஒளிக்கலாம் போலிருந்தது. சுருதி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கீபோர்ட் மாமா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பொத்தானை அமுக்கிச் சுருதியை இறக்கினார். அம்மா இன்னும் கீழே போனார், அவரும் போனார். அம்மா தாளத்தை விட்டு ஓடினால் அவர் பின்னால் போனார், மூச்சு வாங்க நின்றால் அவரும் நின்றார். மூன்றாவது அடியில் அது ஒரு பாட்டாகவே கேட்டது. முடிந்ததும் அவர் எழுந்து அம்மாவைப் பார்த்து ஒருமுறை தலை குனிந்துவிட்டு வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் திரும்பி அழுதார். நேர்த்தி முடிந்துவிட்டது, விசாவுக்கும் இனி ஆபத்தில்லை, பிறகு எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

"ஏன் அம்மா அழுறீங்கள்?"

"நல்ல பிள்ளை, அந்தப் பொடியன்" என்றார். பிறகு, "கூடாதவனெண்டால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்" என்றார்.

இப்படி ஒரு குழப்பத்தை நான் அதுவரை சந்தித்ததில்லை. கெட்டவராக இருந்தால் அம்மாவுக்குச் சுகம். அம்மா அழாமல் இருக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன், தும்பிக்கை வைத்த சாமியையா கும்பிடுகிறாய் என்று என்னைச் சீண்டியிருந்தான். அதைத் தூக்கிக் கீபோர்ட் மாமாவின் வாயில் வைத்தேன்.

"அவர் கூடாதவர்தான் அம்மா. உன்ரை தும்பிக்கைச் சாமியை விட்டிட்டு வா எண்டு சித்தியிட்டைச் சொன்னவர். நான் கேட்டனான்."

அன்றிரவே அது அப்பாவின் காதுக்குப் போனது. அப்பாவுக்குப் பிள்ளையார் என்றால் உயிர். 'பாப்பம்' என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. பொய் என்று சித்தி கத்தினார், என்னைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் கேட்டார். சொன்ன சொல்லில் நான் நின்றேன். அடுத்த வருடம் சித்தி வேறொருவரோடு கலியாணமாகிக் கனடாவுக்குப் போனார். போனபிறகு அவர் எங்கும் பாடியதாக நான் கேள்விப்படவில்லை. பெரியவளானபின் ஒருநாள் போனில் உண்மையைச் சொல்லி அழுதேன். "எனக்கு அப்பவே தெரியும். அவ்வளவு நீளமா அவருக்குக் கதைக்க வராது" என்றார் சித்தி. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆனால் அந்தப் பஸ்ஸில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை, பயம் மட்டுந்தான் இருந்தது. அம்மாவின் கேள்விகளுக்காகக் காத்திருந்தேன். எப்போது சொன்னார், எங்கே நின்று சொன்னார், அப்போது சித்தி என்ன சொன்னார், இத்தனை நாளும் ஏன் நீ சொல்லவில்லை? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிளேஸ்டோ வரும்வரை விடவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று அப்போது நான் பெருமைப்பட்டேன்.