கிட்டங்கி வீட்டுக்கு அனுப்பாத பிள்ளை

அத்தான் பரண்மேலிருந்த குடையை எடுக்கத்தான் கையை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற அக்கா சட்டென்று குந்தி, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அது. அத்தான் உரக்கப் பேசவும் தெரியாதவர். குடையைப் பிடித்தபடி திகைத்து நின்றார். விருந்துக்குப் போயிருந்த எனக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் காலராவில் போனபின் எங்கள் இருவரையும் திண்டுக்கல்லில் சித்தப்பா எடுத்து வளர்த்தார். புகையிலை வியாபாரி. மாதா கோயிலில் முன்வரிசையில் முழங்காலிடுபவர். வீட்டுக்குப் பின்னால் சிப்பம் சிப்பமாகப் புகையிலை அடுக்கிய கிட்டங்கி இருந்தது. சோறு குழைந்தாலும் சரி, பதில் சொல்லத் தாமதமானாலும் சரி, அக்காவுக்கு வாரால் அடி விழும். பிறகு கிட்டங்கிக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார். பத்து வயதுப் பிள்ளை அந்தக் காரத்தில் மூச்சு முட்டி இருமுவது வெளியே கேட்கும். எனக்கு ஆறு வயது. சாவி ஆணியில்தான் தொங்கும். முக்காலி போட்டால் எட்டிவிடும். ஒருநாளும் நான் முக்காலியை நகர்த்தவில்லை.

கன்னியாஸ்திரிகள் டீச்சர் டிரெய்னிங் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டதால் அக்கா தப்பினாள். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சரானாள். அடி நின்று வருடங்களாகியும் அவள் உடம்பு அதை நம்பவில்லை. பஸ்ஸில் யாராவது புகையிலை போட்டால் பாதி வழியில் இறங்கி நடப்பாள். அடுத்த வீட்டில் பாத்திரம் விழுந்தாலும் "நான் இல்ல" என்பாள். சில நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். பெற்ற மகள் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். எங்கள் வேதத்தில் கூடாது என்றாலும், மாமியார் எங்கிருந்தோ மந்திரித்த எண்ணெய் வாங்கிவந்தார். அக்கா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குப் பேய் புடிக்கல அத்த. சின்னதுல அடிச்சிருக்காங்க, அம்புட்டுத்தான்."

அவளுக்கும் கை நீண்டது. மை கொட்டியதற்காக மகளை ஒருமுறை அறைந்தாள். உடனே தரையில் உட்கார்ந்து, அந்த நான்கு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட பெரியவர் ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதன்பின் வீட்டிலும் வகுப்பிலும் அவள் பிரம்பைத் தொடவே இல்லை.

மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குச் சித்தப்பா வந்தார். பந்தியில் உட்கார்ந்தபடியே, பிள்ளை சூட்டிகையாக இருக்கிறாள், டவுனில் படிக்கட்டும், தன் வீட்டிலேயே தங்கட்டும் என்றார். உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"அனுப்ப மாட்டேன் சித்தப்பா."

அவர் சிரித்தார். கண்டித்து வளர்த்ததால்தானே இன்று டீச்சராக நிற்கிறாய் என்று கேட்டார்.

"அடிச்சதால ஆகல. அம்புட்டு அடி வாங்கியும் ஆனேன். என்னையக் கிட்டங்கில போட்டுப் பூட்டுனீங்க. என் பிள்ளை அந்த வாசப்படிய மிதிக்காது."

நல்ல நாளில் இவள் மூளை குழம்பிப் பேசுகிறாள் என்று ஒரு பெரியம்மா முணுமுணுத்தார். சித்தப்பா என் பக்கம் திரும்பினார். அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"நீ சொல்லும்மா. அப்படியெல்லாம் நடந்துச்சா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை, இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் என்னைப் பேசவைத்தது.

"நடந்துச்சு. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அவரோடு பாதிப் பந்தியும் எழுந்தது. எனக்குப் பார்த்த வரன் அந்த வாரமே நின்றது. அக்கா மிச்சம் இருந்தவர்களுக்கு ரசம் ஊற்றினாள்.

அன்றோடு அவள் குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அது பொய். படுத்துக்கிடக்கும் நாட்கள் கடைசிவரை வந்தன. கொஞ்சம் குறைந்தன, அவ்வளவே. மகள் உள்ளூரில் படித்தாள். யாருடைய காலடிச் சத்தத்துக்கும் நடுங்காமல் வளர்ந்தாள். பழசைக் கிளறாதே என்று இப்போது எனக்கும் புத்தி சொல்கிறார்கள். நான் எழுதத்தான் செய்வேன்.

சில வருடம் கழித்துச் சித்தப்பா இறந்தபோது, பெரிய மனசு பண்ணி வந்து முகத்தைப் பார்த்துப் போகும்படி அக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். அன்று பள்ளிக்கூடம் இருந்தது. அக்கா வகுப்பெடுக்கப் போனாள்.